ஒரு நாள் மெஷின், மூன்று படிகம்: நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்யும் தம்பி கேட்டிருக்கிறார். கரைசலை மெதுவாக ஆவியாகவிட்டு மூன்று படிகம் வளர்த்து வைத்திருக்கிறாராம். முதலாவது, எல்-அலனினை ஒரு கரிம அமிலத்தோடு சேர்த்து எடுத்தது. கட்டை கட்டையாகக் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. இரண்டாவது, மெத்தனாலில் வளர்ந்த காப்பர் காம்ப்ளெக்ஸ். மூன்றாவது, கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் உள்ள சேர்மம்; தலைமுடி தடிமனில் ஊசி ஊசியாக வந்திருக்கிறது. படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று காட்டும் சிங்கிள் கிரிஸ்டல் எக்ஸ்ரே மெஷினில், சென்னையில் 24 மணி நேரம் கிடைத்திருக்கிறது. "மூன்றுக்கும் எட்டெட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாமா அண்ணாச்சி? எக்ஸ்போஷரை நீளமாக வை என்று கைடு சொல்கிறார்" என்கிறார். எக்ஸ்போஷர் என்பது ஒவ்வொரு படத்துக்கும் கொடுக்கும் நேரம்.

வேண்டாம் தம்பி. சரிசமமாகப் பிரிப்பது பங்காளிகள் சொத்து பிரிக்கும்போது நல்லது, மனத்தாங்கல் இருக்காது. படிகத்துக்கு மனத்தாங்கல் கிடையாது.

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் பிசானத்துக்குத் தண்ணீர் விடும்போது பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பாய்ச்சுகிறவர் முதலில் எல்லா வயலும் நனைந்துவிட்டதா என்று பார்ப்பார். கடைமடைக்கு எத்தனை மணி நேரம் விடுவது என்ற கணக்கு அதற்கு அப்புறம்தான். மேல் வயலில் கணுக்கால் அளவு நின்ற பிறகும் அங்கேயே விட்டால் அது வடிகாலுக்குப் போகும். மெஷின் நேரமும் அப்படித்தான். அடுத்த ஒரு மணி நேரத்தை எங்கே விட்டால் என் பதில் அதிகம் மாறும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

நேரம் மிச்சமாவது முதலில் சென்னையில் இல்லை, உங்கள் லேபில்தான். துருவமுனைப்பு மைக்ரோஸ்கோப் ஒன்று உங்கள் துறையிலோ பக்கத்துத் துறையிலோ இருக்கும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுக்கு நடுவே படிகத்தை வைத்து மேடையைச் சுற்றுங்கள். நல்ல ஒற்றைப் படிகம் 90 டிகிரிக்கு ஒரு முறை முழுவதும் ஒரே நேரத்தில் கறுத்து அணையும். பாதி கறுத்துப் பாதி மினுங்கினால் அது இரண்டு படிகம் ஒட்டியது. கறுக்காமல் வண்ணம் மட்டும் அலைந்தால் உள்ளே அடுக்கு குலைந்திருக்கிறது. கனசதுரப் படிகம் எப்போதும் இருட்டாகவே இருக்கும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் போய், மெஷினில் நாலு மணி நேரம் ஓட்டியபின் "ட்வின்" என்று கண்டுபிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கை பழக வேண்டுமானால் வீட்டில் இருக்கும் பனங்கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சுக்ரோஸ் படிகம்தான், மோனோகிளினிக். ஒரு கட்டியை எண்ணெயில் போட்டு, ஊசி முனையால் தட்டி, உடைந்த துண்டுகளில் முகம் தெளிவாக உள்ள 0.2, 0.3 மில்லிமீட்டர் துண்டைத் தேடி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் சுற்றிப் பாருங்கள். பத்துத் துண்டில் எது நல்லது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். பெரிய படிகம்தான் நல்லது என்ற எண்ணமும் அப்போதே போய்விடும். எக்ஸ்ரே கற்றையைவிடப் பெரிய படிகம், எக்ஸ்ரேயைப் படிகமே விழுங்குவதால் வரும் உறிஞ்சல் பிழையைத்தான் கூட்டும்.

மெஷினில் முதல் வேலை யூனிட் செல், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் சின்னப் பெட்டியின் அளவு. மூன்று படிகத்திலும் இரண்டிரண்டு துண்டு, துண்டுக்கு இருபது நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம் போகும், அதைக் கணக்குப் பார்க்காதீர்கள். செல் அளவு கையில் கிடைத்தவுடன் ஏற்கெனவே தீர்த்த படிகக் கட்டமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் கேம்பிரிட்ஜ் தரவுத்தளத்தில் தேடுங்கள். அங்கே 2019-லேயே பத்து லட்சம் கட்டமைப்பு சேர்ந்துவிட்டது. அமினோ அமிலப் படிகம் வளர்க்கும் நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இது ரொம்ப முக்கியம். கிளைசினோடு எதையோ கலந்து "புதிய பொருள்" என்று கொண்டுவந்த ஒரு பெட்டியை ஒருமுறை திறந்தோம். பதினைந்து நிமிடத்தில் 7.04, 7.04, 5.48 ஆங்ஸ்ட்ராம், கோணம் 90, 90, 120 என்று வந்தது. காமா கிளைசின்! கலந்த உப்பு கரைசலிலேயே தங்கிவிட்டது, கிளைசின் மட்டும் வேறு வடிவத்தில் வெளியே வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் முகம் வாடிப்போனது என்னவோ உண்மை. ஆனால் மிச்சமான பகல் முழுவதும் அவருடைய இன்னொரு படிகத்துக்குக் கிடைத்தது. உங்கள் எல்-அலனின் படிகமும் வெறும் எல்-அலனினாக இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள்.

இனி எக்ஸ்போஷர். நீளமாக வை என்று கைடு சொல்வதில் பாதி சரி. படிகம் சிதறிய எக்ஸ்ரே டிடெக்டரில் புள்ளி புள்ளியாக விழுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஃபோட்டான்களை எண்ணுகிறோம். 100 எண்ணினால் அதன் பிழை அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 சதவீதம். பிழையைப் பாதியாக்க 400 எண்ண வேண்டும், நாலு மடங்கு நேரம். இதே நாலு மடங்கு நேரத்தை ஏற்கெனவே 10,000 எண்ணிய பலமான புள்ளிக்குக் கொடுத்தால் பிழை 1 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகும். காகிதத்தில் அழகுதான். ஆனால் உறிஞ்சல், எக்ஸ்டிங்ஷன் (பலமான புள்ளி படிகத்துக்குள்ளேயே மங்குவது), படிகம் கற்றையில் லேசாக நகர்வது எல்லாம் சேர்ந்து இரண்டு, மூன்று சதவீதப் பிழையை எப்படியும் கொண்டுவந்துவிடும். அந்த அரை சதவீதம் அதற்குள் மூழ்கிப்போகும். மேல் வயலில் நிற்கும் கணுக்கால் தண்ணீர் இதுதான். நேரம் போய்ச் சேர வேண்டியது பலவீனமான புள்ளிகளுக்கு, பெரும்பாலும் பெரிய கோணத்தில் இருப்பவற்றுக்கு.

நான் கற்றுக்கொண்ட நான்கு வட்ட டிஃப்ராக்டோமீட்டரில் இந்தக் கணக்கு கண்ணுக்கு நேரே நடக்கும். அது ஒரு நேரத்தில் ஒரு ரிஃப்ளெக்ஷனை, அதாவது ஒரு புள்ளியை, மட்டும் அளக்கும். 3,000 ரிஃப்ளெக்ஷன், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 50 மணி நேரம். அதனால் ஒவ்வொன்றையும் முதலில் வேகமாக ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்கும். பலமாக இருந்தால் அதுவே போதும் என்று அடுத்ததற்குப் போய்விடும். சுமாராக இருந்தால், கேட்ட துல்லியம் வர எவ்வளவு மெதுவாக ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு மறுபடி அளக்கும். ஒன்றுமே தெரியாவிட்டால் உச்சவரம்பு நேரத்தோடு விட்டுவிடும். நடுநடுவே மணிக்கு ஒரு முறையோ இரண்டு மணிக்கு ஒரு முறையோ மூன்று பழைய ரிஃப்ளெக்ஷன்களைத் திரும்ப அளந்து படிகம் கெட்டுப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளும். பின்னணியை எண்ணுவதற்குக்கூட விதி உண்டு: உச்சியின் வேகத்துக்கும் பின்னணியின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தில் நேரத்தைப் பிரிக்க வேண்டும். உச்சியில் நொடிக்கு 9, பின்னணியில் 1 என்றால் நேரம் 3-க்கு 1. இன்றைக்கு ஒரே படத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து விழுவதால் தனித்தனியாக நேரம் கொடுக்க வழியில்லை. ஆனால் சின்னக் கோணத்தில் டிடெக்டரை வைக்கும்போது 5 நொடி, பெரிய கோணத்துக்குத் தள்ளும்போது 20 நொடி என்று இரண்டு வகையாக வைக்கலாம். மெஷினின் ஸ்ட்ராட்டஜி மென்பொருளே கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

பலவீனமான புள்ளிகளை நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்க உங்கள் விஷயத்தில் தனிக் காரணம் ஒன்று உண்டு. நேரிலா ஒளியியலுக்காகத்தானே அலனின் படிகத்தை வளர்க்கிறீர்கள்? சமச்சீர் மையம் இருந்தால் இரட்டை அதிர்வெண் ஒளி வராது, அத்தோடு கதை முடிந்தது. எல்-அலனின் அப்படியே உள்ளே இருந்தால் மையம் இருக்க முடியாது, கவலை இல்லை. ஆனால் அந்த ஊசியில் மையம் உண்டா இல்லையா என்பதைத் தீவிரங்களின் புள்ளியியல்தான் முதலில் காட்டும். அதில் |E²−1| என்பதன் சராசரி என்று ஒரு எண் உண்டு. மையம் உள்ள படிகத்தில் அந்த எண் 0.968-ஐ ஒட்டியும், இல்லாததில் 0.736-ஐ ஒட்டியும் வரும். இந்த வித்தியாசத்தைச் சொல்வதில் பூஜ்யத்தை ஒட்டிய புள்ளிகளுக்குப் பெரிய பங்கு. அவற்றை "அப்சர்வ்ட் இல்லை" என்று தூக்கிப் போட்டால் சாட்சியைக் கூப்பிடாமல் தீர்ப்பு எழுதிய மாதிரி.

எக்ஸ்போஷருக்கு முன்னால் நிற்பது முழுமை. சமச்சீருக்குத் தேவையான எல்லாப் புள்ளிகளும் ஒரு முறையாவது அளக்கப்பட்டிருக்க வேண்டும். இது படிகத்தின் சமச்சீர் வகையைப் பொறுத்தது: டிரைகிளினிக்கில் பாதிக் கோளம், மோனோகிளினிக்கில் கால், ஆர்த்தோரோம்பிக்கில் எட்டில் ஒரு பங்கு. கோணம் எக்ஸ்ரே குழாயில் உள்ள உலோகத்தைப் பொறுத்தது. மாலிப்டினம் கதிருக்குத் தீட்டா (சிதறல் கோணத்தில் பாதி) 25 டிகிரி, காப்பர் கதிருக்கு 67 டிகிரியாவது போக வேண்டும்; நுட்பத்தில் சுமார் 0.84 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இந்த எண் குறையக் குறைய நுட்பம் கூடும். இந்தக் கோணத்துக்குக் கீழே நின்றால், கட்டமைப்புக் கோப்பைச் சோதிக்கும் செக்சிஃப் பெரிய எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கும். ஒரு பக்கத்து ஆப்புத் துண்டு மொத்தமாக விடுபட்டால், மீதியை எவ்வளவு அருமையாக அளந்திருந்தாலும் எலக்ட்ரான் அடர்த்திப் படம் அந்தத் திசையில் இழுபட்டுத்தான் வரும்.

இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு லேபில் இரவு நேரம் கிடைத்தது. நல்ல படிகம் என்ற ஆசையில் ஃபிரேமுக்கு 60 நொடி வைத்து, மென்பொருள் போட்ட வரிசையைக்கூடப் பார்க்காமல் படுக்கப் போய்விட்டேன். அதிகாலையில் குழாயைக் குளிர்விக்கும் சில்லர் நின்று, பாதுகாப்புக்காக மெஷினும் நின்றுவிட்டது. கையில் இருந்தது 40 சதவீத முழுமை. ஒவ்வொரு புள்ளியும் முத்து மாதிரி, கட்டமைப்பு மட்டும் தீரவில்லை. 10 நொடியில் ஒரு முழுச் சுற்று முதலில் எடுத்திருந்தால் அந்த 40 சதவீத நேரத்திலேயே முழு டேட்டாவும் வந்திருக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரே பழக்கம்: முதலில் வேகமான ஒரு முழு ஓட்டம், அப்புறம் மிச்ச நேரத்தில் பெரிய கோணத்துக்கு நீண்ட ஓட்டங்கள். எங்கே நின்றாலும் கையில் ஒரு பதில் இருக்கும்.

ஒரே புள்ளியை ஒரு தடவை 40 நொடி அளப்பதா, நாலு வேறு திசையில் பத்துப் பத்து நொடி அளப்பதா என்று வந்தால் எண்ணிக்கைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் நாலு திசையில் அளந்தால் உறிஞ்சல் பிழை வெளியே தெரியும், திருத்தவும் முடியும். காப்பர் காம்ப்ளெக்ஸுக்கு இது அவசியம். பழைய சிசிடி டிடெக்டராக இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு படத்தையும் படித்து எடுக்கச் சில நொடி போகும், படிக்கும்போது கொஞ்சம் இரைச்சலும் சேரும். மிகக் குறுகிய எக்ஸ்போஷர் வைத்தால் பாதி நேரம் டிடெக்டர் படிப்பதிலேயே போய்விடும். ஃபோட்டானை நேரடியாக எண்ணும் புது டிடெக்டரில் இந்தக் கவலை இல்லை.

எல்லாவற்றையும்விட மலிவாக நேரத்தைப் பெருக்குவது குளிர். நைட்ரஜன் ஓடையில் படிகத்தை 100 கெல்வினுக்குக் கொண்டுபோனால் அணுக்களின் அதிர்வு அடங்கும். அறை வெப்பநிலையில் அந்த அதிர்வைச் சொல்லும் பி மதிப்பு 4 சதுர ஆங்ஸ்ட்ராம் என்று எடுத்துக்கொண்டால், 0.84 ஆங்ஸ்ட்ராம் ஓரத்தில் புள்ளியின் தீவிரம் அசையாத அணுக்கள் கொடுப்பதில் 6 சதவீதம்தான் மிஞ்சும். 100 கெல்வினில் பி சுமார் 1.3 ஆகும், அதே ஓரத்தில் சுமார் 40 சதவீதம். ஏழு மடங்கு! ஏழு மணி நேரத்தில் எண்ண வேண்டியதை ஒரு மணி நேரத்தில் எண்ணிவிடலாம். ஆகவே குளிர்விக்கும் வசதி உண்டா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள், முகம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சில படிகங்கள் குளிரில் வெடிக்கும், அல்லது வேறு கட்டத்துக்கு மாறும். அதற்குத்தான் இரண்டாவது துண்டு. 200 கெல்வினில் வைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் 24 மணி நேரத்துக்கு வருகிறேன். சோதனைக்கு 2 மணி நேரம் போக மீதி 22.

முதலில் காப்பர் காம்ப்ளெக்ஸ். அது பலமாகச் சிதறும், ஆனால் மெத்தனால் உள்ளே மாட்டியிருந்தால் வெளியே எடுத்த சில நிமிடத்தில் பால் போல வெளுத்துச் செத்துப்போகும். காத்திருக்க முடியாதவருக்குத்தான் முதல் பந்தி. தாய்க் கரைசலிலிருந்து எடுத்தவுடன் எண்ணெயில் முக்கி, நேரே குளிர் ஓடைக்கு. டிரைகிளினிக் என்றே வைத்துப் பாதிக் கோளத்தைப் பல திசையில் எடுக்க 5 மணி நேரம் போதும்.

அடுத்தது அலனின் படிகம், 4 மணி நேரம். இதில் உங்கள் கேள்வி என்ன? புரோட்டான் அமிலத்திலிருந்து நகர்ந்ததா, இது உப்பா, இல்லை இரண்டும் வெறுமனே சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றனவா என்பது. கார்பாக்சிலிக் அமிலமாகவே இருந்தால் இரண்டு கார்பன்-ஆக்சிஜன் நீளமும் சுமார் 1.21, 1.31 என்று பிரிந்து நிற்கும். புரோட்டான் போய்விட்டால் இரண்டும் 1.25-ஐ ஒட்டி வரும். வித்தியாசம் 0.1 ஆங்ஸ்ட்ராம், பிணைப்பு நீளத்தில் 0.003 பிழை வந்தாலே தாராளம். அதை 0.0015 ஆக்க இன்னும் 12 மணி நேரம் போட்டால் கட்டுரையில் ஒரு வாக்கியம்கூட மாறாது.

இந்தப் படிகத்துக்கு அப்சல்யூட் ஸ்ட்ரக்ச்சர், அதாவது மூலக்கூறு இடக்கையா வலக்கையா என்பதையும் அளக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். கையைக் காட்டிக்கொடுப்பது முரண் சிதறல். மாலிப்டினம் கதிரில் ஆக்சிஜனுக்கு அது 0.006 எலக்ட்ரான்தான், காப்பர் கதிரில்கூட 0.032. லேசான அணுக்கள் மட்டும் இருக்கும்போது மாலிப்டினத்தில், கையைச் சொல்லும் ஃப்ளாக் எண்ணைத் துரத்துவது வீண். எல்-அலனின் என்று புட்டியிலேயே எழுதியிருக்கிறதே, அதை வைத்துக் கை சொல்லிவிடலாம். 1951-ல் நெதர்லாந்துப் படிகவியலாளர் பைஃபூட்டும் கூட்டாளிகளும் சோடியம் ருபிடியம் டார்ட்ரேட்டில் முதன்முதலாக நிஜக் கையைக் கண்டுபிடித்தபோது, ருபிடியத்தைத் தூண்டும்படி சிர்க்கோனியம் கதிரைத் தேடி எடுத்தார்கள். கேள்விக்குத் தகுந்த அலைநீளம் இல்லாவிட்டால் நேரத்தைக் கொட்டி ஈடுகட்ட முடியாது.

ஊசிக்கும் இதே பேச்சுதான். சிதறும் தீவிரம் அலைநீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. காப்பர் கதிரின் 1.54-க்கும் மாலிப்டினத்தின் 0.71-க்கும் இந்தக் கணக்கில் பத்து மடங்கு வித்தியாசம் வருகிறது. கன அணு இல்லாததால் உறிஞ்சலும் பெரிதாகத் தொல்லை தராது. மெஷினில் இரண்டு குழாயும் இருந்தால் ஊசியைக் காப்பரில் ஓட்டக் கேளுங்கள். மாலிப்டினம் மட்டும்தான் என்றால் இரவு முழுவதும், 10 மணி நேரம் இதற்கு. முதல் ஓட்டம் வேகமாக, பிறகு பெரிய கோணத்துக்கு 60 நொடி. சோதனைப் படத்தில் 1.2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிப் பெரிய கோணத்தில் புள்ளியே இல்லையென்றால் பத்து மணி நேரம் கொடுத்தாலும் வராது. அப்போது அந்த இரவை மற்ற இரண்டுக்கும் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்து வேறு கரைப்பானில் ஊசியை மறுபடி வளருங்கள். பிடிவாதத்தில் பாழான இரவுகள் என் கணக்கில் நிறைய உண்டு.

மிச்சம் 3 மணி நேரத்தைக் காலியாகவே வைத்திருங்கள். ஒரு ஓட்டம் ஓடும்போதே முந்தைய படிகத்தின் படங்களைத் தீவிரப் பட்டியலாக மாற்றி, கட்டமைப்பைத் தீர்த்துப் பாருங்கள். காப்பர் படிகத்தில் ஒரு மூலையில் மட்டும் முழுமை குறைகிறது, அலனினில் அந்த ஒரு ஹைட்ரஜன் தெளிவாக இல்லை, இப்படி ஏதாவது தெரியவரும். அதற்குத்தான் அந்த 3 மணி. திருநெல்வேலிக்கு வந்த பிறகு தெரியவந்தால் அடுத்த முறை கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ.

இந்தூரில் இண்டஸ்-2 மாதிரி, மிகப் பலமான எக்ஸ்ரே தரும் சிங்க்ரோட்ரானுக்குப் புரதப் படிகம் கொண்டுபோகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே கடிகாரத்துக்கு முன்னால் படிகம் தீர்ந்துபோகும். குளிர்வித்த புரதப் படிகத்துக்கு 30 மெகாகிரே என்ற கதிர்வீச்சு அளவை எல்லையாக வைக்கிறார்கள். அந்த டோஸை எந்தக் கோணங்களில் செலவழிப்பது என்பதுதான் அவர்கள் பங்கீடு. உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

கடைசியாக, பயணம். ஒவ்வொரு படிகத்தையும் அதன் தாய்க் கரைசலோடு சின்னக் குப்பியில் மூடி, மேலே பாரஃபிலிம் சுற்றி, பெயரும் தேதியும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். மெத்தனால் பட்டால் பேனா மை ஓடிவிடும். ஒவ்வொன்றிலும் இரண்டு குப்பி வேண்டும், ஒன்று வீட்டில் தங்கட்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறியதும் குப்பியைப் பத்திரம் என்று சட்டைப் பையில் வைக்காதீர்கள். விடியும்வரை உடம்புச் சூடு பட்டால் தலைமுடி ஊசியெல்லாம் கரைந்து, எழும்பூரில் இறங்கும்போது வெறும் கரைசல்தான் இருக்கும். பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்து, தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.